மைக்ரோபிளேடிங் செய்த புருவம் 10 நாளில் மங்கிடுச்சா? பதற வேண்டாம்.. காரணம் இதுதான்!

கல்யாணத்துக்கு இன்னும் 3 வாரம்தான் இருக்கு, அதுக்குள்ள புருவத்தை சரி பண்ணிடலாம் என்று மைக்ரோபிளேடிங் செய்துகொள்பவர்கள் உண்டு. முதல் நாள் கண்ணாடி பார்த்தால் மை தீட்டியது போல அடர் கருப்பு. 10வது நாள் பொருக்கு உதிர்ந்ததும் புருவமே காணோம்! கொடுத்த காசு அவ்வளவுதானா என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான்.

உண்மையில் இந்த இரண்டுமே கடைசி நிறம் கிடையாது.

ஏன் இப்படி ஆகிறது?

மிக மெல்லிய ஊசிகளால் தோலைக் கீறி, மேல்தோலுக்குச் சற்று கீழே நிறமியைப் பதிப்பதுதான் மைக்ரோபிளேடிங். அழகு சிகிச்சை என்று சொன்னாலும், புருவத்தில் இருப்பது காயம்தான். முதல் சில நாட்கள் தோலின் மேலேயும் நிறமி ஒட்டியிருப்பதால் அடர்த்தியாகத் தெரியும். பொருக்கோடு அதுவும் உதிர்ந்துவிடும். அடியில் புதிதாக வளரும் தோல் ஆரம்பத்தில் மங்கலாக இருப்பதால், உள்ளே இருக்கும் நிறத்தை மறைக்கும். தோல் தெளியத் தெளிய நிறம் திரும்பி வரும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம்.

அதனால்தான் டச்-அப் பொதுவாக 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யப்படுகிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே செய்தால், ஆறாத தோலை மறுபடி கீறுவதாகிவிடும். தழும்பு விழ வாய்ப்பு அதிகம். கல்யாணம் என்றால் குறைந்தது 2, 3 மாதம் முன்பே முதல் சிட்டிங்கை முடித்துவிடுவது நல்லது.

முதல் 2 வாரம் என்ன செய்யணும்?

கையை சோப்பு போட்டுக் கழுவாமல் புருவத்தைத் தொடவே கூடாது. நீர் கசிந்தால் சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுங்க, தேய்க்காதீங்க. கொடுத்த ஆயின்ட்மென்ட்டை மெல்லிசாகத் தடவினால் போதும். நிறைய அப்பினால் சீக்கிரம் ஆறும் என்பது தவறு. நீச்சல், நீராவி பிடிப்பது, வியர்க்க வியர்க்க ஜிம், உச்சி வெயில், மேக்கப் எல்லாவற்றுக்கும் லீவு விடுங்க. அரிக்கும், ஆனால் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் அந்த இடத்தில் நிறமியும் சேர்ந்து வந்து, திட்டுத் திட்டாகிவிடும்.

நம்ம வீட்டில் வரும் சிக்கல் வேறு. "கொஞ்சம் மஞ்சள் வை, புண் ஆறிடும்" என்று அம்மா சொல்வாங்க. தோட்டத்துக் கற்றாழை, தேங்காய் எண்ணெய் என்றும் யோசனை வரும். திறந்த காயத்தில் இவை வேண்டாம். சமையலறை மஞ்சள்தூளோ, செடியில் இருந்து வெட்டிய கற்றாழையோ கிருமி நீக்கப்பட்டது அல்ல. நலங்குக்கு முகம் முழுக்க மஞ்சள் பூசுவதாக இருந்தாலும், புருவம் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

லேசான சிவப்பும் வீக்கமும் 2, 3 நாளில் குறையணும். குறையாமல் வலி கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீமில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று இன்னும் மோசமாகலாம். நிறமிக்கான அலர்ஜி மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் வரலாம். புருவத்தில் விடாத அரிப்பு, சின்னச் சின்ன முடிச்சு தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடணும். உதட்டுக்கு நிறம் ஏற்றுபவர்களுக்கு முன்பு ஹெர்பீஸ் கொப்புளம் வந்திருந்தால், அது மறுபடி கிளம்பலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

இன்னொன்று, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். சில நிறமிகளில் இரும்பு ஆக்சைடு இருப்பதால், ஸ்கேனின்போது அந்த இடத்தில் வீக்கமோ எரிச்சலோ அரிதாக ஏற்படலாம். இதற்காக ஸ்கேனையே தவிர்க்க வேண்டியதில்லை. உள்ளே போகும் முன் டெக்னீஷியனிடம் சொன்னால் போதும்.