கம்யூன் என்னும் வீடு

1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியைத் துறந்தவர். 1946இல் சென்னை வந்த அச்சிறுவனைக் கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூன் தன் பிள்ளையாக ஏற்றது. ஜனசக்தி அச்சகத்தில் உழைப்பு. ஜீவா முதலிய மூத்த தோழர்களின் உரையாடலே கல்வி. பள்ளிச் சான்று கேளாத அவை அது.

1949இல் கட்சி மீது தடை விழுந்தது; வீடு கலைந்தது. தஞ்சையில் காலணிக் கடையொன்றில் அவர் வேலை பார்த்தார்.

பின்னாளில் கட்சியை விட்டு விலகிக் காங்கிரசை ஆதரித்தார். ஆயினும் ரிக்‌ஷாக்காரரும் நடைபாதைவாசிகளும் அவர் கதைகளை விட்டு விலகவில்லை. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவரை அடைந்தது, 2015இல் மறைந்தார்.

கொள்கை உறவு முறியலாம். தகுதி கேளாமல் இடம் தந்த உறவு, எழுத்தில் நிலைத்துவிடுகிறது.