கப்பலோடு மூழ்கிய ஓவியர்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஓவியரைப் பத்தி. பேரு இப்போலித்தோ காஃபி. ஆமா, காஃபிதான்.

1809-ல, வட இத்தாலியில பெல்லூனோங்கிற மலை ஊர்ல பிறந்தவர். வெனிஸ் கலைக் கல்லூரியில படிச்சு, 1832-ல ரோமுக்குப் போறார். அங்க வர்ற வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஞாபகமா எடுத்துட்டுப் போக நகரக் காட்சி ஓவியங்கள் வேணும். கேமரா இன்னும் வரல. காஃபியோட பெரிய ஹிட், ரோம் கார்னிவல் கடைசி ராத்திரியில தெரு முழுக்க ஜனங்க மெழுகுவர்த்தியோட நிக்கிற படம். அதையே கேட்டவங்களுக்கெல்லாம் திரும்பத் திரும்ப வரைஞ்சு கொடுத்தார்.

முந்தின நூற்றாண்டுல கனலெட்டோ வெனிஸை ஸ்கேல் வெச்ச மாதிரி, தெளிவான பகல் வெளிச்சத்துல வரைஞ்சார். காஃபிக்கும் பெர்ஸ்பெக்டிவ் கணக்கு அத்துப்படி, அதைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்கார். ஆனா அவரோட பகல் படங்கள் எனக்குப் போஸ்ட்கார்டு மாதிரிதான் தெரியுது. ராத்திரி, மூடுபனி, 1842 சூரிய கிரகணம்னு வெளிச்சம் தடுமாறுற நேரத்துலதான் மனுஷன் வேற லெவல்.

எதையும் நேர்ல போய்ப் பார்த்தாகணும் அவருக்கு. 1843-ல கிரீஸ், துருக்கி, எகிப்துனு கிளம்பினார். 1847-ல ரோமுக்கு மேல பலூன்ல ஏறி, அதையும் வரைஞ்சார்.

1848-ல கதை மாறுது. வெனிஸ் அப்போ ஆஸ்திரியா கையில. கிளர்ச்சி வெடிச்சதும் ரோமை விட்டுட்டுச் சண்டைக்குப் போனார், பிடிபட்டார், தப்பிச்சு வெனிஸுக்கு வந்தார். அடுத்த வருஷம் ஆஸ்திரியப் படை முற்றுகை போட்டு மார்கெரா கோட்டையை அடிச்சப்போ, அந்த ராத்திரிக் குண்டுவீச்சை வரைஞ்சார். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்குப் பழகின அதே கை. நகரம் விழுந்ததும் ஊரைவிட்டுப் போக வேண்டியதாச்சு. 1858-ல திரும்பினா, ரெண்டே வருஷத்துல ஜெயில்.

1866-ல வெனிஸுக்காக இத்தாலி ஆஸ்திரியாவோட மோதுது. 56 வயசு காஃபி, கடற்போரை வரையணும்னு இத்தாலியக் கடற்படையோட 'ரே டி இத்தாலியா' கப்பல்ல ஏறினார். ஜூலை 20, லிஸ்ஸா தீவுப் பக்கம். சண்டை ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்ன, தளபதி பெர்சானோ வேற கப்பலுக்கு மாறிட்டார். காஃபி மாறல. ஆஸ்திரியக் கப்பல் ஒண்ணு நேரா வந்து பக்கவாட்டுல முட்டுச்சு. சில நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சது. மூழ்கினவங்க சுமார் 400 பேர், அதுல காஃபியும் ஒருத்தர்.

அந்தச் சண்டையில இத்தாலி தோத்துருச்சு. ஆனா கூட்டாளி பிரஷ்யா ஜெயிச்சதால, அக்டோபர்ல வெனிஸ் இத்தாலியோட சேர்ந்துருச்சு. 1889-ல அவர் மனைவி விர்ஜீனியா, கையில இருந்த 150-க்கும் மேற்பட்ட படங்களை அந்த நகரத்துக்கே கொடுத்தாங்க. கிராண்ட் கெனால் மேல பனியும் மூடுபனியும் கவிஞ்சிருக்கிற 1842 படம் ஒண்ணு இருக்கு. முதல்ல அதைத் தேடிப் பாருங்க.