சோழவரம் ரன்வேயில இருந்து டக்கார் வரை: ஓசூர் ரேஸ் டீம் ஒண்ணோட கதை

இது கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பைக் ரேஸ் பத்தி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்? போன தடவை ஹெல்மெட் பத்தி எழுதினப்போ கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ரேஸ்காரங்க இருநூறு கிலோமீட்டர் வேகத்துல போறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. நாங்க நல்லவாட்டுல இருந்து தவளக்குப்பம் போறதுக்கு எதுக்கு டாக்டர் இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

கேள்வி நியாயமாத்தான் தெரியும். ஆனா அதுக்குள்ள ஒரு தப்பான நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. ரேஸ்காரங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறது. ஆச்சு. நிறையவே ஆச்சு. அப்படி ஆகிஆகி அவங்க என்ன கத்துக்கிட்டாங்கங்கிறதுதான் ரேஸோட பாதி வரலாறு. அதை நம்ம பக்கத்து டீம் ஒண்ணை வெச்சே சொல்றேன்.

ஆனா கதை இங்கிலாந்துல தொடங்குது.

1928 பிப்ரவரி 19. லண்டனுக்குப் பக்கத்துல ஹை பீச்னு ஒரு இடம். அங்க ஒரு ஓட்டலுக்குப் பின்னாடி இருந்த மண் தடத்துல பைக் ரேஸ் விட்டாங்க. இந்த மண் தட ரேஸுக்குப் பேரு ஸ்பீட்வே, ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த விளையாட்டு. அன்னிக்குக் கூட்டம் அலைமோதிருச்சு. அடுத்த வருஷமே ஊருக்கு ஒரு டீம்னு லீக் போட்டிகள் தொடங்கியாச்சு. மான்செஸ்டரோட பெல் வியூ டீம் அந்தக் காலத்துல பிறந்தது, இன்னிக்கும் ஓடிட்டிருக்கு. நமக்கு ஊர்க் கபடி டீம் எப்படியோ, அவங்களுக்கு அது அப்படி.

நாலு பேர், நாலு சுத்து, முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை. ஆனா அந்த பைக்குக்கு பிரேக்கே கிடையாது! தெரிஞ்சேதான் வெக்கலை. நெருக்கி ஓடும்போது முன்னாடி போறவன் திடீர்னு பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவன் அவன் மேலயே ஏறிடுவான். அதனால பின்சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான் வளைவுல திரும்பணும்.

இன்னொண்ணு, அந்த பைக் ஓடுறது பெட்ரோல்ல இல்ல, மெத்தனால்ல. ஆமாங்க, 2023ல மரக்காணம் எக்கியார்குப்பத்துலயும் 2024ல கள்ளக்குறிச்சியிலயும் சாராயத்துல கலந்து உயிர்களைக் குடிச்ச அதே மெத்தனால். இன்ஜினுக்கு நல்ல எரிபொருள். மனுஷன் குடிச்சா கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமா மாத்திடும், அது முதல்ல கண் நரம்பைத்தான் பிடிக்கும். "டாக்டர், கண்ணு மங்கலா இருக்கு"ன்னு வர்றவங்களை நாங்க ஒரு நிமிஷம்கூட உக்கார வெக்க மாட்டோம். சரி, அது தனி இழைக்கான விஷயம். ரேஸுக்கு வருவோம்.

ஸ்பீட்வேக்கு முன்னாடியே ரேஸுக்குள்ள ஒரு டாக்டர் நுழைஞ்சிருந்தார். எரிக் கார்ட்னர்னு பேரு. புரூக்லேண்ட்ஸ் ரேஸ் தடத்துல மருத்துவ அதிகாரி. தலையில அடிபட்ட ஓட்டுநர்களையே திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துப்போய், கேன்வாஸ் துணியில அரக்குப் பூசி ஒரு தலைக்கவசம் செய்ய வெச்சார். ரேஸ் சங்கம் முதல்ல ஒத்துக்கலை. அப்புறம் மனசு மாறி, 1914ல ஐல் ஆஃப் மேன் தீவுல நடந்த பெரிய ரேஸுக்கு அதைக் கட்டாயமாக்கிட்டாங்க. வருஷா வருஷம் ரேஸ் சமயத்துல தலைக்காய கேஸ் பார்த்துப் பழகின அந்தத் தீவு டாக்டர், "இந்த வருஷம் ஒரு கேஸும் வரலையே"ன்னு எழுதினாராம்.

ரேஸ் தடத்துக்கு 1914லயே வந்த சாமானம் ரோட்டுக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு. 1935ல 'அரேபியாவின் லாரன்ஸ்' பைக்ல இருந்து விழுந்து, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். தலையில கவசம் இல்ல. அவரைப் பார்த்த டாக்டர்கள்ல ஒருத்தர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெயின்ஸ். அதுக்கப்புறம் அவர் ராணுவத்துல பைக்ல தபால் கொண்டுபோற வீரர்களோட தலைக்காயங்களை ஆராய்ஞ்சு, 1941ல கட்டுரை போட்டார். ராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கிச்சு. பிரிட்டன்ல பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973ல. அதைப் பார்க்க கெயின்ஸ் உயிரோட இல்ல.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க.

1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினாங்க. ரெண்டு வருஷத்துல, 1955ல, இங்கிலாந்து கம்பெனியோட சேர்ந்து மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல புல்லட் தயாராக ஆரம்பிச்சுது. பைக் இருக்கு, ஓட்ட ஆள் இருக்கு, பார்க்கக் கூட்டம் இருக்கு. ரேஸ் விட இடம்? ரெண்டாம் உலகப்போர் சமயத்துல விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் ஒண்ணு மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்துல சும்மா கிடந்துச்சு. அங்கதான் ரேஸ் ஆரம்பமாச்சு. சோழவரம் ரேஸ்னா அந்தக் காலத்துல ஒரு திருவிழா. பிப்ரவரி வந்தா பெங்களூர், கல்கத்தா, பம்பாய்னு எல்லா ஊர்ல இருந்தும் பைக்கும் காரும் வரும்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஓடுதளம் போட்டது விமானத்துக்கு. நீளமா ஒரே நேர்கோடு. பைக் முழு வேகம் பிடிச்சுக் கடைசியில போய் சடார்னு திரும்பணும். அதுக்காகக் கட்டின தடம் இல்ல, கிடைச்ச தடம். கிளப்புக்குன்னு சொந்தமா, ரேஸுக்குன்னே கட்டின தடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 1990லதான் வந்துச்சு. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. சோழவரம் அத்தோட அடங்கிப்போச்சு.

இதுக்கு நடுவுலதான் நம்ம டீம் பிறக்குது. 1982, டிவிஎஸ் ரேசிங். இந்தியாவுல ஒரு கம்பெனி தானே நடத்தின முதல் ரேஸ் டீம் இதுதான்னு சொல்வாங்க.

டிவிஎஸ் குடும்பத்துல இந்த வண்டிக் கம்பெனிக்குத் தாய், பாடியில இருந்த சுந்தரம் கிளேட்டன். 1962ல இங்கிலாந்தோட கிளேட்டன் டிவாண்டர் கம்பெனிகூடச் சேர்ந்து ஆரம்பிச்சது. அங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? பிரேக்! லாரி, பஸ்ஸுக்கு பிரேக் செஞ்ச கம்பெனியோட பிள்ளைதான் பின்னாடி ரேஸுக்குப் போச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது.

ஓசூர்ல 1980ல டிவிஎஸ் 50 வெளிவந்துச்சு. ரெண்டு பேர் உக்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். அதைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமா? நம்ம கடற்கரையில ஏலம் முடிஞ்சதும் மீன் கூடையோட முதல்ல கிளம்புறது எது? டிவிஎஸ் ஃபிஃப்டியும் அதோட தம்பி எக்ஸெல்லும்தான். அந்த வண்டியைச் செஞ்ச கம்பெனி, ரெண்டே வருஷத்துல ரேஸ் டீம் வெச்சுது. 1984ல சுஸுகியோட சேர்ந்து 100 சிசி பைக் விட்டாங்க. 2001ல சுஸுகி பிரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இன்ஜின் தானாத்தான் செஞ்சாகணும். அப்போ ரேஸ் தடம் அவங்களுக்கு ஒரு சோதனைக்கூடம் மாதிரி ஆச்சு. அப்பாச்சி ஆர்டிஆர்னு பசங்க சொல்றீங்களே, அதுல முதல் ஆர் ரேசிங்தான்.

1994ல இருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி பைக் கொடுத்துப் போட்டி வெக்க ஆரம்பிச்சாங்க. காசு இருக்கிறவன் நல்ல வண்டி வாங்கி ஜெயிக்கிற கதை இதுல நடக்காது. ஓட்டுறவன் திறமைதான். வசதி இல்லாத வீட்டுப் பசங்க உள்ள வர ஒரு கதவு திறந்துச்சு.

2015ல ஷெர்கோங்கிற பிரெஞ்சு கம்பெனியோட கூட்டுச் சேர்ந்து டக்காருக்குப் போனாங்க. (புதுச்சேரிக்காரங்க கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம், தப்பில்ல.) டக்கார்னா ரெண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், பாலைவனமும் மலையும். ஆரம்பத்துல ஓட்டினது வெளிநாட்டுக்காரங்க. 2017ல கர்நாடகாவோட கே.பி. அரவிந்த் போனார், முடிக்க முடியலை. 2018லயும் முடியலை. 2019ல முடிச்சார். 2024ல கேரளா ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா சவுதி பாலைவனத்துல தன்னோட பிரிவுல முதலிடம், மொத்தத்துல 11வது இடம்.

இந்த டீம்ல ஓட்டின பெங்களூர்ப் பொண்ணு ஐஸ்வர்யா பிஸ்ஸே பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். 2018ல ஸ்பெயின் பாலைவன ரேஸ்ல விழுந்து கணையம் கிழிஞ்சுது. கணையம் நம்ம வயித்துக்குப் பின்பக்கம், முதுகெலும்புக்கு மேல குறுக்கே கிடக்கிற உறுப்பு. முன்னாடி இருந்து ஹேண்டில்பார் மாதிரி ஏதாவது குத்தினா, அதுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல மாட்டி நசுங்கிடும். வெளியில ஒரு சின்னச் சிராய்ப்புகூட இருக்காது. நான் இதைச் சொல்றது ரேஸுக்காக இல்ல. உங்க வீட்டுப் பிள்ளை சைக்கிள்ல விழுந்து ஹேண்டில்பார் வயித்துல குத்தி, மறுநாள் வலி, வாந்தின்னு சொன்னா "சூடு பிடிச்சிருக்கும்"னு விட்டுடாதீங்க. ஐஸ்வர்யா அடுத்த வருஷமே அந்தப் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயிச்சாங்க. மோட்டார் விளையாட்டுல உலகப் பட்டம் வாங்கின முதல் இந்தியர்.

எல்லாருக்கும் அப்படி முடியலை. 2023 ஆகஸ்ட்ல இருங்காட்டுக்கோட்டையில நடந்த தேசியப் போட்டியில பெங்களூரைச் சேர்ந்த 13 வயசுப் பையன் விழுந்து இறந்துபோனான். ஹெல்மெட், கவச உடை, ஆம்புலன்ஸ், டாக்டர்கள், எல்லாம் இருந்தும். 13 வயசுப் பையனை அந்த வேகத்துல ஓட விடணுமாங்கிற கேள்வி அப்பவே எழுந்துச்சு. விடக்கூடாதுங்கிறது என் கருத்து. மாறுபடுறவங்க கீழே எழுதுங்க, சண்டை இல்லாம பேசலாம்.

இப்ப தம்பி கேட்ட கேள்விக்கு வரேன். ரேஸ்ல எல்லாரும் ஒரே திசையில போறாங்க. எதிர்ல மணல் லாரி வராது, மாடு வராது. ஆம்புலன்ஸ் வந்து நிக்காம ரேஸ் தொடங்காது. ஒருத்தன் விழுந்தா வளைவுக்கு முன்னாடியே மஞ்சக் கொடி ஆட்டி பின்னாடி வர்றவங்களுக்குச் சொல்லிடுவாங்க. முன்கூட்டியே வர்ற ஒரு சேதி என்ன செய்யும்னு நல்லவாட்டுக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில சிங்கப்பூர்ல இருந்து ஒரு போன் வந்து, தகவல் மையத்து ஒலிபெருக்கியில சொன்னதாலதான் ஊரே பிழைச்சுது. கடலூர் ரோட்டுல மஞ்சக் கொடி ஆட்ட யார் இருக்கா?

ஹெல்மெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா? வெளியில ஓடு, உள்ள தெர்மாக்கோல். நம்ம ஐஸ் மீன் போற பெட்டி இருக்கே, அதே பொருள்தான், கொஞ்சம் கெட்டியா. அடியை வாங்கி அது நசுங்கும், மூளை நசுங்காது. ஒருதடவை பலமா அடிபட்டா அதோட வேலை முடிஞ்சுது, வேற வாங்கணும். வண்டியில மீனுக்கு தெர்மாக்கோல் பெட்டி வெச்சு ஜாக்கிரதையா கட்டுறோம். ஓட்டுறவர் தலைக்கு ஒண்ணும் இல்ல. கொக்கியை மாட்டாம போட்டாலும் இதே கதைதான். விழும்போது முதல்ல பறக்கிறது அதுதான்.

ரேஸ் தடத்துல இருந்து எடுத்துக்க இன்னொண்ணும் இருக்கு. விழுந்து கிடக்கிறவர் தலையில இருந்து ஹெல்மெட்டை ஒரே ஆளா இழுக்காதீங்க. கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா கை கால் விழுந்துடும். மூச்சு விடுறார்னா கண்ணாடியை மட்டும் தூக்கி விட்டுட்டு 108க்கு அடிங்க. மூச்சே இல்ல, வாந்தி அடைக்குதுன்னா மட்டும் ஒருத்தர் தலையையும் கழுத்தையும் அசையாம பிடிச்சுக்க, இன்னொருத்தர் மெதுவா கழட்டணும். தண்ணி ஊத்திக் குடிக்க வெக்கவே வேண்டாம்.

சோழவரம் ரேஸை நேர்ல பார்த்த பெரியவங்க யாராவது இதைப் படிச்சா, எந்த வருஷம், யார் ஓட்டினாங்க, எந்த வண்டின்னு கீழே எழுதுங்க. போட்டோ இருந்தா இன்னும் நல்லது. முடிஞ்சா அடுத்த இழைக்கு அதையே எடுத்துக்குவோம்.