கால்வாய்க் கரையில் நடந்தவர்கள்

கல்மண்டபத்திலிருந்து மேற்கே கொருக்குப்பேட்டைப் பக்கம் செல்வோர், கரிய நீர் தேங்கிக் கிடக்கும் நீண்டதொரு வாய்க்காலைக் காண்பர். மூக்கைப் பொத்திக்கொண்டு அதனைக் கடக்கும் இளைஞர்களிடம், நண்பர்கள் கூடித் தோணியேறி இன்பப் பயணம் போன நீர்வழி இதுவே என்றால் நம்புவது அரிது. ஆயினும் அஃது உண்மை. அதற்கு ஒரு தமிழ்க் கவிதையே சான்று பகர்கின்றது. அக்கவிதைக்குச் செல்லுமுன் கால்வாயின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இன்று பக்கிங்காம் கால்வாய் என வழங்கும் இந்நீர்வழி ஒரே காலத்தில் வெட்டப்பட்டதன்று. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட 11 மைல் பகுதியே முதலில், 1806-இல், பேசில் காக்ரேன் என்பவரால் அமைக்கப்பெற்றது. அவர் பெயராலேயே காக்ரேன் கால்வாய் எனவும் வழங்கிற்று. 1837-இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டையும் கடந்து அது ஆந்திரக் கடற்கரைக்கு நீண்டது. தெற்கேயும் தனியே ஒரு கால்வாய் வளர்ந்தது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை முழு நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் தமிழகத்தைச் சார்ந்தது.

அரபுத்தமிழ் பயின்ற முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த பழவேற்காடும் வடசென்னையும் இவ்வாறு நீரால் இணைந்தன. எண்ணூர்ப் பகுதி உப்பளங்களின் உப்பும், அடுப்பெரிக்கும் விறகும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் தோணிகளில் நகருக்கு வந்தன. உப்பைச் சேர்த்து வைத்த கொட்டாரமே ஆங்கிலேயர் நாவில் 'சால்ட் கோட்டர்ஸ்' எனத் திரிந்தது.

வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைக்க வேண்டிய இடம் நகரின் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே இருந்தது. ஏறத்தாழ 5 மைல் நீளமுள்ள அந்த இணைப்பு 1877-78-இல்தான் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சத்தோடு சேர்த்தே நினைவுகூர்வர். இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்ட அக்காலத்தில், நிவாரணப் பணி என்னும் பெயரில் பட்டினி கிடந்த மக்களே மண்வெட்டி பிடித்தனர். 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் ஆகும். ராத்தல் என்பது 'ரத்ல்' என்னும் அரபிச் சொல்லின் வழிவந்தது. இன்றைய அளவில் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் மண் சுமந்த உடலுக்கு அது போதாதென்று சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். சில மாதங்களில் அவ்வளவு திருத்தப்பட்டது. பணி முடிந்தபோது கால்வாய் முழுமைக்கும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இனிக் கவிதைக்கு வருவோம். 1934-இல் பாவேந்தர் பாரதிதாசன் தம் தோழர்களுடன் சென்னையிலிருந்து இக்கால்வாய் வழியே மாமல்லபுரத்திற்குத் தோணியில் சென்றார். அப்பயணமே 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடலாயிற்று. ஈண்டுச் செலவு என்பது பணச் செலவன்று. பயணத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அரபியில் 'ரிஹ்லா' எனப்படும் பயண இலக்கியத்தோடு இதனை ஒப்பிடலாம். தோணியின் ஓட்டத்தையும் வழியின் எழிலையும் சுவைத்துப் பாடிவந்த கவிஞரின் பார்வை, திடுமெனத் தோணியை நகர்த்துவோர் பக்கம் திரும்புகின்றது. ஒருவன் கயிற்றைத் தோளிலிட்டுக் கரையோடு நடந்து இழுக்கின்றான். மற்றொருவன் பின்புறத்தில் முதுகு வளைந்து கோலூன்றித் தள்ளுகின்றான். அதனைக் கண்டு பொறாத கவிஞர், உலகில் எவர் இன்பக்கரை ஏறினும் அது தொழிலாளர் தோளின் துணையால்தான் என்னும் முடிவுக்கு வருகின்றார்.

வரலாற்று ஆசிரியர் பலர் கால்வாயின் நீளத்தையும் செலவுக் கணக்கையும் எழுதினர். அதில் வாடகைத் தோணியேறி மகிழ்ந்தவர்களோ எண்ணற்றோர். கரையில் நடந்த மனிதனை நிமிர்ந்து பார்த்து எழுதியமையால் அப்பாடல் இலக்கியம் என்பதோடு வரலாற்று ஆவணமுமாகின்றது என்பது நம் கருத்து.

பின்னர்க் கால்வாய் நலிந்தது. இருப்புப் பாதையும் சாலையும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. நகரின் கழிவுநீர் இதில் கலந்தது. 1995 முதல் படிப்படியாகத் திறக்கப்பட்ட பறக்கும் ரயிலின் தூண்கள் நகர்ப்பகுதியில் இதன் நீர்ப்பரப்பிலேயே ஊன்றப்பட்டன. இருந்தும், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது கரைதாண்டி வந்த நீரைப் பல இடங்களில் இக்கால்வாயே உள்வாங்கிற்று. 2008-இல் இது தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தோணிகள் மட்டும் திரும்பவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து எண்ணெய் இக்கால்வாய் வழியே பரவி எண்ணூர்க் கழிமுகத்தை மூடிற்று. வலையும் படகும் பாழாகிப் பிழைப்பிழந்த மீனவர்களே வாளிகொண்டு அவ்வெண்ணெயை அள்ளும் நிலை ஏற்பட்டது. நகரின் வசதிக்கான சுமை இந்தக் கரையில் யார் தோளில் ஏறுகின்றது என்பதில், 1877-க்கும் 1934-க்கும் நம் காலத்துக்கும் பெரிய வேறுபாடில்லை.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பழவேற்காட்டு ஏரிக்கோ முட்டுக்காட்டுக்கோ படகுச் சவாரிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். அங்கே காணும் நீரின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். காக்ரேனையும் பக்கிங்காமையும் பாடநூல் சொல்லிவிடும். ஒரு ராத்தல் தானியத்துக்கு மண் சுமந்தவனையும், கயிறிழுத்துக் கரையோடு நடந்தவனையும் நாம்தாம் சொல்ல வேண்டும். துடுப்பு வலிப்பவரின் முகத்தைப் பார்த்து ஸலாமோ வணக்கமோ கூறிவிட்டுப் படகேறும் பழக்கமும் அப்போது பிள்ளைகளுக்குத் தானே வந்துவிடும்.