தளர்நடைப் பருவக் குழந்தை நலமும் செவிலியப் பராமரிப்பும்

தளர்நடைப் பருவம் என்பது முதல் பிறந்தநாளுக்கும் மூன்றாம் பிறந்தநாளுக்கும் இடைப்பட்ட காலம். குழந்தை நடக்கவும் பேசவும் தானே எடுத்து உண்ணவும் பழகும் இப்பருவத்தில் வளர்ச்சியைக் கண்காணித்தல், தடுப்பூசி, உணவு ஆலோசனை, நோய் மற்றும் விபத்துத் தடுப்பு, குடும்பத்தாருக்கு வழிகாட்டல் ஆகியவை செவிலியப் பராமரிப்பில் அடங்கும். தமிழ்நாட்டில் இப்பணியின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, வீட்டுத் திண்ணையிலும் அங்கன்வாடியிலும் நடக்கிறது. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் அமைந்த மங்கலம்பேட்டைப் பேரூராட்சியும் சுற்றுக் கிராமங்களும் இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டு.

அமைப்பு

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். துணை நிலையத்தின் பொறுப்பு கிராம சுகாதார செவிலியருடையது. மங்கலம்பேட்டையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. மேல் சிகிச்சைக்கு விருத்தாசலம், கடலூர் அரசு மருத்துவமனைகளும் சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. பின்னது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் அக்கல்லூரியும் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன.

வரலாறு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் நாட்டின் 33 வட்டாரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளையே குறிவைத்தது. மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறுகிய காலம் கூடுதல் உணவு தந்து, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் வந்தது.

வளர்ச்சிக் கண்காணிப்பு

பிறந்தபோது இருந்த எடை ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காகும்; இரண்டாம் ஆண்டின் முடிவில் நான்கு மடங்காகும். எடை ஏறும் வேகம் இப்பருவத்தில் இயல்பாகவே குறையும். குழந்தையின் பசியும் மட்டுப்படும். “பிள்ளை முன்ன மாதிரி சாப்பிடறதில்ல” என்று தாய்மார் சொல்லும்போது, செவிலியர் முதலில் தாய் சேய் நல அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டைப் பார்ப்பார். கோடு மேல்நோக்கிச் சென்றால் கவலையில்லை. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ காரணம் தேட வேண்டும். இடது புஜத்தின் நடுவில் நாடா சுற்றி அளப்பது மற்றொரு முறை. 12.5 செ.மீ.க்குக் கீழே மிதமான மெலிவு, 11.5 செ.மீ.க்குக் கீழே கடும் மெலிவு.

பதினெட்டு மாதமாகியும் நடக்காமலிருப்பது, இரண்டு வயதில் “அம்மா வா” போல இரு சொல் சேர்த்துப் பேசாதது, கற்றதை மறப்பது ஆகியவை பரிசோதனைக்கு உரியவை. “அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருப்பது, காது கேளாமை போன்ற குறைகளைச் சீர்செய்யும் காலத்தைக் கடத்திவிடும்.

தடுப்பூசி

ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் பின் 16-ஆம் மாதம் வரை அட்டவணையில் இடைவெளி உண்டு. குடும்பத்துக்கும் செவிலியருக்குமான தொடர்பு அறுபடுவது பெரும்பாலும் இங்கேதான். 2018-இல் அறிமுகமான இளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டம் 12, 15-ஆம் மாதங்களில் வீடு தேடிச் செல்வதை வரையறுத்தது. 16 முதல் 24 மாதங்களுக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவை தரப்படுகின்றன. வைட்டமின் ஏ திரவம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள்.

இவ்வட்டாரத்துக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இந்நோய் பலமுறை தலைகாட்டியது. நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. பன்றியும் கொக்கு இனப் பறவைகளும் கிருமியைத் தாங்கி நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் விருத்தாசலத்தில் கள நிலையம் அமைத்து இக்கொசுக்களை ஆராய்ந்தது.

உணவு

தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தரலாம். ஆனால் முதன்மை உணவு வீட்டுச் சாப்பாடே. ரசத்தில் கரைத்த சோறு வயிற்றை நிரப்பும், எடை ஏற்றாது. கெட்டியான பருப்புச் சோறு, நெய், முட்டை, முருங்கைக்கீரை, முள் நீக்கிய மீன் ஆகியவை ஏற்றவை. குழந்தைக்குத் தனித் தட்டு வைத்தால் எவ்வளவு உண்டது என்பது தெரியும். தேநீரில் நனைத்த பிஸ்கட் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 6–59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது; ஐந்து வயதுக்குட்பட்டோரில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். இரும்புச்சத்து சிரப் வாரம் இருமுறை 1 மி.லி. வீதம் பரிந்துரைக்கப்படுகிறது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கஞ்சியாகவோ உருண்டையாகவோ கொடுக்கலாம். அது அந்தக் குழந்தைக்கு உரியது, வீட்டாருக்குப் பங்கிடுவதற்கல்ல.

நோயும் விபத்தும்

வயிற்றுப்போக்கின்போது ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். தூளை ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள் தர வேண்டும். மாந்தம், தோஷம் என்று சொல்லித் தொக்கம் எடுப்பதும் உணவை நிறுத்துவதும் கேடு. இருமலுடன் மூச்சு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியா என ஐயுற வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கையில் சட்டையை விலக்கி, முழு ஒரு நிமிடம் எண்ணுவதே சரியான முறை.

நிலக்கடலையும் முந்திரியும் விளையும் பகுதி இது. கடலை காயும் களத்திலும் முற்றத்திலும் தளர்நடைக் குழந்தையைத் தனியே விடலாகாது. முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்குவது உயிருக்கே ஆபத்து. தண்ணீர் நிறைந்த வாளி, மூடியற்ற தொட்டி, தரையில் வைத்த குழம்புச் சட்டி, குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்த பூச்சிமருந்து ஆகியவையும் இவ்வயதில் கண்டஞ்ச வேண்டியவை.

குடும்பம்

இப்பருவத்தில் செவிலியரின் ஆலோசனை தாயோடு முடிவதில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, வெளியூர் வேலைக்குச் செல்லும் தந்தை, அடுத்த கர்ப்பத்துக்கான இடைவெளி, தாயின் இரத்தசோகை ஆகிய யாவும் இதில் சேரும். அடம்பிடித்து அழுவது இவ்வயதின் இயல்பு. அடிப்பதும் கைப்பேசியைக் கொடுத்து அடக்குவதும் தீர்வல்ல. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை கூடாது, இரண்டு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

எதுவும் குடிக்க முடியாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, நினைவு மங்குதல் ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104. எங்கே சென்றாலும் தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுசெல்வது அவசியம்.