வீட்டை அலங்கரிச்சு விற்கத் தெரியாத ஊர்

அமெரிக்காவுல வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி 'ஸ்டேஜிங்'னு ஒண்ணு பண்ணுவாங்க. குடும்ப போட்டோவைக் கழட்டி, பழைய சோஃபாவை ஒளிச்சு வெச்சு, வெளிர் நிறத்துல பெயிண்ட் அடிச்சுடுவாங்க. பாக்க வர்றவருக்கு அது அவரோட வீடாவே தெரியணுமாம். 1972-ல் சியாட்டில் பக்கத்து ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் பார்ப் ஷ்வார்ஸ் ஆரம்பிச்சு வெச்ச தொழில் இதுன்னு சொல்றாங்க. நாமளும் சளைச்சவங்க இல்லை, வெள்ளையடிச்சுக் கோலம் போட்டு, ஒழுகுற மூலையில பீரோவை நிறுத்திடுவோம் :-)

நெய்வேலி டவுன்ஷிப்புல இந்தக் கலைக்கே வேலை இல்லை. வட்டம் வட்டமா இருக்கிற குவார்ட்டர்ஸ் எல்லாம் கம்பெனியோடது. ரிட்டயர் ஆனா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பணும். கொல்லையில வெச்ச முருங்கை அடுத்து வர்றவருக்கு.

ஆனா டவுன்ஷிப்புக்கு முன்னாடி இங்கே சொந்த வீட்டுக்காரர்கள் இருந்தாங்க. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14-ல் கம்பெனி பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதற்காக ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள்.

அப்போது நிலமெடுப்புக்கு இருந்தது 1894-ம் வருஷ வெள்ளைக்காரன் சட்டம். அதன் 24-வது பிரிவை அவசியம் படிக்கணும். விலை போடும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்கக்கூடாது என்று ஒரு பட்டியல். அறிவிப்பு வந்த பிறகு, கலெக்டர் அனுமதி இல்லாமல் வீட்டுக்குச் செய்த எந்தச் செலவும் சேராது. அதாவது வெள்ளையடிச்சாலும் திண்ணை கட்டினாலும் காலணா கூடாது. வாங்குகிறவர் அந்த நிலத்தை வைத்துச் செய்யப்போகும் காரியத்தால் ஏறுகிற மதிப்பும் சேராது. அப்போ அடியில் இருக்கிற கரி? அதை வெட்டப்போறாங்கங்கிறதுக்காக விலை கூடாது! எல்லாத்துக்கும் மேல, கொடுக்க மனசில்லை என்பதையும் கணக்கில் எடுக்கக்கூடாதாம். மனசைக்கூட விடலை பாருங்க.

கட்டாயமா எடுக்கறோமேன்னு சந்தை விலைக்கு மேல 15 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. அது 1984-ல் 30 ஆனது. 2013-ல் வந்த புதுச் சட்டம் அதை 100 ஆக்கியது. 1957-ல் வீட்டைக் கொடுத்துட்டு மூட்டை கட்டினவங்களுக்கு அந்த 15-தான்.