போர்க்கால லண்டனில் ஆடை நாகரிக ஒளிப்படக்கலை (1939–1949)

ஆடை நாகரிக ஒளிப்படத் தொகுப்பு என்பது, ஓர் இதழின் ஆசிரியர் குழு ஆடைகளைத் தேர்ந்து, ஒரே கருத்தின் கீழ் பல பக்கங்களுக்குப் படமெடுத்து வெளியிடும் பகுதியாகும். விளம்பரத்திற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. விளம்பரப் பக்கத்தை வணிகர் பணம் கொடுத்து வாங்குகிறார். தொகுப்பில் இடம்பெறுவதை இதழ் முடிவு செய்கிறது. இத்தகைய பக்கங்கள் செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுவர். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் வெளிவந்த பக்கங்கள், துணிப் பஞ்சத்தையும் குண்டுவீச்சையும் அரசின் சட்டங்களையும் பதிவு செய்த வரலாற்று ஆவணங்களாக விளங்குகின்றன.

போருக்கு முந்தைய நிலை

அமெரிக்க இதழான 'வோக்' 1909-இல் காண்டே நாஸ்ட் என்பவரின் கைக்கு வந்தது. முதல் உலகப் போரால் கப்பல் போக்குவரத்து தடைபட்டதை அடுத்து, 1916-இல் அதன் பிரிட்டன் பதிப்பு தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அட்டைப்படம் பெரும்பாலும் ஓவியமாகவே இருந்தது. 1932 சூலையில் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த வண்ண ஒளிப்படம் அமெரிக்க வோக்கின் அட்டையில் வெளியானது. அடுத்த ஆண்டே, ஹங்கேரியைச் சேர்ந்த மார்ட்டின் முங்காச்சி, கடற்கரையில் ஓடும் பெண்ணை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழுக்காகப் படமெடுத்தார். அதுவரை அரங்கத்தில் சிலை போல நின்ற மாடல்கள் அதன்பின் வெளியுலகுக்கு வந்தனர். எனினும் புதிய ஆடை வடிவங்களைத் தீர்மானிக்கும் நகரமாகப் பாரிஸே நீடித்தது. 1940 சூனில் அந்நகரம் ஜெர்மானியர் வசமானது. பிரெஞ்சு வோக் நின்றுபோனது. லண்டன் தன் வழியைத் தானே தேட வேண்டியதாயிற்று.

ஆடைக்கும் கூப்பன்

1941 சூன் 1 அன்று பிரிட்டனில் ஆடைப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. முன்னரே தெரிந்தால் மக்கள் கடைகளில் குவிந்து வாங்கிவிடுவர் என்பதால் அறிவிப்பு கடைசி வரை மறைத்து வைக்கப்பட்டது. தனிக் கூப்பன் புத்தகம் அச்சிட்டாலும் செய்தி கசியும் அல்லவா? ஆகவே உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் பயன்படாமல் இருந்த மார்கரின் கூப்பன்களையே தொடக்கத்தில் ஆடைக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள் கிடைத்தன. பெண்களுக்கான கம்பளி உடை ஒன்றுக்கு 11, காலணிக்கு 5, காலுறைக்கு 2 என்று கணக்கு இருந்தது. கூப்பனோடு விலையையும் கொடுக்க வேண்டும். போர் நீடிக்க நீடிக்கக் கூப்பன்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. கம்பளியும் பருத்தியும் சீருடைகளுக்குத் தேவைப்பட்டன. நெசவாலைத் தொழிலாளர்கள் போர்த் தொழிற்சாலைகளுக்கு மாற்றப்பட்டனர். பட்டுக் காலுறை கிடைக்காத பெண்கள், கால்களில் பழுப்பு நிறம் பூசி, பின்புறம் தையல் போலப் பென்சிலால் கோடு வரைந்துகொண்டதும் உண்டு.

இடிபாடுகளின் நடுவே

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் கடுமையாகக் குண்டு வீசின. வழக்கறிஞர்களின் அலுவலகங்கள் நிறைந்த 'டெம்பிள்' பகுதியும் சிதைந்தது. அங்கே செசில் பீட்டன் எடுத்த ஒரு படம் 1941 செப்டம்பர் வோக்கில் வெளிவந்தது. டிக்பி மார்ட்டன் வடிவமைத்த கோட்டும் பாவாடையும் அணிந்த பெண் ஒருத்தி, நம் பக்கம் முகம் காட்டாமல், இடிந்த சுவர்களைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறாள். 'ஆடை நாகரிகம் அழிக்க முடியாதது' என்ற பொருள்படும் தலைப்பில் அப்படம் புகழ்பெற்றது.

இப்படத்தை இருவிதமாகப் பார்க்கலாம். குண்டுக்கு அஞ்சாத மன உறுதியின் சின்னம் என்பது ஒன்று. வீடிழந்தோர் நிறைந்த நகரில் விலையுயர்ந்த உடையைக் காட்டியது பொருந்துமா என்பது மற்றொன்று. கூப்பன் எல்லோருக்கும் சமம். ஆனால் போருக்கு முன்பே அலமாரி நிறைய ஆடை வைத்திருந்தவரும் மாற்றுடைக்கே வழியில்லாதவரும் சமமாக இருக்கவில்லை. இரண்டு பார்வைகளிலும் உண்மை இருக்கிறது.

சட்டம் வரைந்த பாணி

1940 முதல் 1960 வரை பிரிட்டன் வோக்கின் ஆசிரியராக இருந்தவர் ஆட்ரி விதர்ஸ். காகிதத் தட்டுப்பாட்டால் பக்கங்கள் குறைந்த நிலையிலும் அவர் இதழைத் தொடர்ந்து நடத்தினார். பெண்களிடம் செய்தியைக் கொண்டு சேர்க்க அரசு இத்தகைய இதழ்களை நாடியது. தொழிற்சாலை இயந்திரங்களில் நீண்ட கூந்தல் சிக்கி விபத்துகள் நேர்ந்தன. குட்டை முடியையும் தலையைச் சுற்றிக் கட்டும் துணியையும் வோக் அழகிய பாணியாகக் காட்டியது. பாதுகாப்பு விதி ஒன்று, பக்கத்தில் அச்சானபோது நாகரிகமாக மாறியது.

அரசு நிர்ணயித்த தரத்திலும் விலையிலும் தயாரான ஆடைகளில் 'சிசி41' என்ற முத்திரை இருந்தது. 1942-இல் வந்த சிக்கன விதிகள் பொத்தான், மடிப்பு, பை ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தன. ஆண்களின் கால்சட்டை விளிம்பை மேல்நோக்கி மடித்துத் தைப்பதற்கும் தடை வந்தது. அதே ஆண்டில் நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் முதலிய முன்னணி வடிவமைப்பாளர்கள் இவ்விதிகளுக்கு உட்பட்டு மாதிரி ஆடைகளை உருவாக்கினர். அவற்றை வோக் படமெடுத்து வெளியிட்டது. நேரான தோள், ஒடுங்கிய இடை, முழங்கால் அளவுப் பாவாடை ஆகியவையே அக்காலப் பெண்களின் தோற்றமாயின. அந்த மாதிரிகள் இன்றும் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

லீ மில்லர்

இக்காலத்தின் தனித்துவமான ஒளிப்படக்காரர் லீ மில்லர் (1907–1977). அமெரிக்கரான இவர் முதலில் மாடலாக இருந்தார். இவரது உருவம் 1927-இல் வோக் அட்டையில் ஓவியமாக வந்தது. பின்னர் பாரிஸில் கலைஞர் மேன் ரேயுடன் பணியாற்றினார். போர் தொடங்கியபின் லண்டன் வோக்கிற்காக ஆடைகளைப் படமெடுத்தார். 1942-இல் அமெரிக்க இராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற போர்ச் செய்தியாளரானார்.

1944-இல் நார்மண்டியின் கள மருத்துவமனைகளையும் செயின்ட் மாலோ முற்றுகையையும் படமாக்கினார். விடுதலையடைந்த பாரிஸில், மின்சாரம் இல்லாததால் ஆட்கள் மிதிவண்டி மிதித்து முடி உலர்த்தும் கருவிகளை இயக்கியதைக் கண்டு பதிவு செய்தார். 1945 ஏப்ரலில் புக்கன்வால்ட், டாக்கௌ வதைமுகாம்களைப் படமெடுத்தார். இப்படங்கள் அமெரிக்க வோக்கின் 1945 சூன் இதழில், 'நம்புங்கள்' என்ற பொருள் தரும் தலைப்பில் வெளியாயின. ஆடை இதழைப் புரட்டிய வாசகர் மானுடக் கொடுமையின் சான்றை அதே தாளில் காண நேர்ந்தது.

போருக்குப் பின்

1944 இலையுதிர்காலத்தில் பாரிஸ் வடிவமைப்பாளர்கள் காட்டிய ஆடைகளில் துணி தாராளமாக இருந்தது. கூப்பனுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த பிரிட்டனில் இது கண்டனத்தை எழுப்பியது. 1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்டியன் டியோர் தமது முதல் தொகுப்பை வெளியிட்டார். கெஜக்கணக்கில் துணியை விழுங்கிய நீண்ட, விரிந்த பாவாடைகள் அதில் இருந்தன. 'ஹார்ப்பர்ஸ் பஜார்' ஆசிரியர் கார்மல் ஸ்னோ அதைப் 'புதிய தோற்றம்' என்று அழைத்தார். பிரிட்டனில் ஆடைப் பங்கீடு அப்போதும் முடியவில்லை. 1949 மார்ச்சில்தான் அது நீக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் பொத்தானை எண்ணி வாழ்ந்த பெண்களுக்கு அந்தப் பாவாடை ஏன் அவ்வளவு கவர்ச்சியாகத் தெரிந்தது என்பதை இப்பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

மதிப்பீடு

போர்க்காலத்தில் பழைய ஆடையைப் பழுது பார்த்து உடுத்துமாறு அரசு இயக்கமே நடத்தியது. இன்று பழைய ஆடைகளை மறுபடி பயன்படுத்துவது, குறைந்த ஆடைகளையே மாற்றி மாற்றி உடுத்துவது ஆகியன புதிய பாணிகளாகப் பேசப்படுகின்றன. அன்று சட்டமும் பஞ்சமும் விதித்த சிக்கனம், இன்று சுற்றுச்சூழல் அக்கறையால் விரும்பி ஏற்கப்படுகிறது. எந்தக் காலத்து ஆடைப் படத்தைக் கண்டாலும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம்: இந்தத் துணி எங்கிருந்து வந்தது? இதை வாங்க யாரால் முடிந்தது? படத்தின் சட்டத்திற்கு வெளியே அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? பீட்டனின் படத்தில் மூன்றாம் வினாவுக்கான விடை, அந்தப் பெண்ணின் எதிரிலேயே இடிந்து கிடக்கிறது. பெரும்பாலான படங்களில் அதை நாம்தான் தேடிக் கண்டறிய வேண்டும்.